செய்கூலிக்கு ஒரு கண்காட்சி

நகைக்கடையில் பில் போடும்போது தங்கத்தின் விலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது காலையிலேயே பேப்பரில் வந்துவிட்டது. செய்கூலி, சேதாரம் என்ற வரிக்கு வரும்போதுதான் அம்மாக்களின் குரல் ஏறும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று ஆரம்பிக்கும் பேரம், சேதாரத்தில் அரை சதவீதம் குறைந்த சந்தோஷத்தில் முடியும். தனியாகத் தொழில் செய்யும் கடிகாரக் கைவினைஞர்களின் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கண்ணாடிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பித்தளை, எஃகு, ஜெர்மன் சில்வர். வாட்சின் வெளிக்கூடான கேஸ் தங்கமாகவே இருந்தாலும் அதன் எடை விலையில் ஓரமாக ஒதுங்கிவிடும். மிச்சமெல்லாம் செய்கூலி. அந்தக் கூலிக்கு உரியவரே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் இந்தச் சந்தையின் விசேஷம்.

ஜெனீவாவை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் வாக்கில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாலெக்ஸ்போ அரங்கில் 'வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்' நடக்கிறது. ரோலெக்ஸ், பாடெக் ஃபிலிப், கார்ட்டியே என்று பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு மாளிகை மாதிரி அரங்கு போட்டிருப்பார்கள். 2024-ல் அங்கே 49,000 பேர் வந்து போனார்கள். பேச வருபவர்கள் விற்பனைப் பிரிவு, விளம்பரப் பிரிவு. கோட் போட்டவர்கள், நன்றாகப் பேசுவார்கள். ஆனால் "இந்தப் பல்சக்கரத்தின் ஓரத்தை எப்படித் தேய்த்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு சிரிப்புதான் பதில். அதே வாரத்தில் ஊருக்குள்ளே, வாடகைக்கு எடுத்த கூடங்களில், தனிக் கைவினைஞர்கள் மேஜை போட்டு உட்காருகிறார்கள். ஒரு மேஜை, ஒரு துணி விரித்த தட்டு, இரண்டு மூன்று வாட்ச், ஒரு கண் லென்ஸ். சிலர் ஒரு ஃபைலில் வரைபடங்களைக் கொண்டுவந்திருப்பார்கள். அதே பல்சக்கரக் கேள்வியை இவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் எழுந்திருக்க விடமாட்டார்கள்.

இவர்களில் பலர் ஏ.எச்.சி.ஐ. என்ற சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தனித்தொழில் செய்யும் கடிகாரப் படைப்பாளிகளின் அகாடமி என்று அந்தப் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1985-ல் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் டென்மார்க்கிலிருந்து வந்து ஜெனீவாவில் தங்கிவிட்ட ஸ்வென் ஆண்டர்சன். இன்னொருவர் இத்தாலிக்காரர் வின்சென்ட் கலாப்ரேஸே. ஆண்டர்சனுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு பாட்டில். 1969-ல் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள்ளே முழுக் கடிகாரம் ஒன்றைப் பூட்டிக் காட்டினார். பாட்டிலின் கழுத்து வழியாகத்தான் ஒவ்வொரு பாகத்தையும் உள்ளே இறக்கியிருந்தார். அதற்குப் பிறகு பாடெக் ஃபிலிப்பில் சிக்கலான கடிகாரங்களைச் செய்யும் பிரிவில் வேலை, அப்புறம் சொந்தத் தொழில். கலாப்ரேஸே செய்ததும் லேசுப்பட்டதல்ல. வாட்சின் மெஷின் முழுவதையும் ஒரே நேர்கோட்டில், ஒரு குச்சி மாதிரி அடுக்கிவிட்டார். கோரம் கம்பெனி 1980-ல் அதை 'கோல்டன் பிரிட்ஜ்' என்று விற்றது. மெஷினை உருவாக்கியவர் பெயர் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது, டயலில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். இந்த மனக்குறை இரண்டு பேருக்குமே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சங்கத்தின் அடிப்படையே செய்தவர் தன் பெயரில் தன் வேலையைக் காட்ட வேண்டும் என்பதுதான்.

1985 என்ற வருஷத்தைக் கவனிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலுக்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சீகோ கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு டொயோட்டா கொரோலா கார் வாங்கும் காசு. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே தொழில்நுட்பம் தெருமுனைக் கடை வரைக்கும் இறங்கிவிட்டது. சாவி கொடுக்க வேண்டாம், நாளுக்குச் சில நொடி பிசகும் என்ற கவலையும் வேண்டாம். 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் மிஞ்சியது முப்பதாயிரம் சொச்சம். கடைசல் மெஷின்களைப் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டார்கள். அந்த நேரத்தில் இரண்டு பேர் கையால் வாட்ச் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் என்று ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான நேரம். மணி பார்ப்பதற்கு இயந்திர வாட்ச் தேவையில்லை என்று ஆனவுடனே, அதை வேறு எதற்காகவோ வாங்க வேண்டியிருந்தது. அந்த வேறு காரணத்தைப் பெரிய கம்பெனிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே இவர்கள் மேஜையில் வைத்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் பாசல் நகரின் பெரிய கண்காட்சியில் இவர்களுக்கு என்று ஓர் இடம் கிடைத்தது. விஷயம் தெரிந்த சேகரிப்பாளர்கள் பெரிய அரங்குகளைத் தாண்டி நேராக அங்கே போவார்கள் என்பது பாசலில் வாடிக்கையான பேச்சு. 1917-ல் தொடங்கிய அந்த பாசல் கண்காட்சியே இப்போது இல்லை. 2018-ல், ஒமேகா உள்ளிட்ட பல பெயர்களை வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் விலகுவதாக அறிவித்தது. 2020-ல் கொரோனாவோடு சேர்ந்து ரோலெக்ஸும் பாடெக்கும் கிளம்பின, அத்தோடு கதை முடிந்தது. நூறு வருஷ மாளிகை சரிந்தது. மேஜைக்காரர்கள் மேஜையை மடித்து எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்கு வந்துவிட்டார்கள். சின்னக் கடையில் இது ஒரு வசதி.

ஏ.எச்.சி.ஐ.யில் சேருவது சுலபமல்ல. ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும், கொஞ்ச காலம் வேட்பாளராக இருந்து வேலையைக் காட்ட வேண்டும், பிறகு ஓட்டு. ஆனால் இன்று 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல் அந்தச் சங்கத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அந்தச் சொல்லுக்குக் கீழே குறைந்தது மூன்று ஜாதி ஆட்கள் இருப்பார்கள். ஒரு திருகாணியைக் கூடத் தானே கடையும் ஒற்றை ஆள் ஒருவகை. பத்து இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்தி, வருஷத்துக்குச் சில பத்து வாட்ச் செய்கிறவர் இன்னொரு வகை. மூன்றாமவர், வடிவத்தைத் தானே போட்டு, உள்ளே ஓடும் மெஷினை சுவிட்சர்லாந்தின் செல்லிட்டாவிடமோ ஜப்பானின் மியோட்டாவிடமோ வாங்கி, கேஸையும் டயலையும் ஆர்டர் கொடுத்துச் செய்து, தன் பெயரில் விற்பவர். மூன்றாமவரை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நல்ல ரசனையோடு செய்தால் சில நூறு பவுண்டுக்கு அருமையான வாட்ச் கிடைக்கும். ஆனால் முதலாமவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையையும் விலையையும் மூன்றாமவருக்குக் கொடுத்துவிட்டு வந்தால் அது வாங்குபவரின் தப்பு.

பங்கு விவகாரம் இன்னும் குழப்பம். தன் பெயரிலேயே வாட்ச் கம்பெனி நடத்தும் எஃப்.பி. ஜூர்ன் என்ற பெயரைச் சொல்லாமல் தனிக் கைவினைஞர்களைப் பற்றிப் பேச முடியாது. அந்தக் கம்பெனியில் 2018-ல் பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியான சனேல் 20 சதவீதம் வாங்கியது. 2024-ல் எம்.பி. அண்ட் எஃப் என்ற இன்னொரு தனிப் பட்டறையில் 25 சதவீதம் வாங்கியதும் அதே சனேல்தான். முடிவெடுப்பது இன்னும் அவர்களேதான் என்கிறார்கள், இருக்கலாம்.

சரி, கையால் செய்தது என்றால் என்ன? இந்தக் கண்காட்சிகளில் அதிகம் கேட்கும் சொல்லும், அதிகம் வழுக்கும் சொல்லும் அதுதான். 'சுவிஸ் மேட்' என்று டயலில் போடுவதற்காவது சட்டம் இருக்கிறது. 2017 முதல் தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். 'ஹேண்ட் மேட்' என்பதற்கு அப்படி ஒரு வேலியும் இல்லை. கையால் பூட்டியதும் ஹேண்ட் மேட், கையால் மெருகேற்றியதும் ஹேண்ட் மேட், கையால் கடைந்ததும் ஹேண்ட் மேட்.

எல்லை எது என்று காட்ட கிரூபெல் ஃபோர்சி என்ற பட்டறை 2019-ல் 'ஹேண்ட் மேட் 1' என்று ஒரு வாட்சைச் செய்தது. கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்து வெட்டும் மெஷின்களை ஒதுக்கிவிட்டு, கையால் இயக்கும் கருவிகளால் மட்டுமே 95 சதவீத வேலை. ஒரு வாட்சுக்கு 6,000 மணி நேரம். ஒருவர் வருஷத்துக்கு 2,000 மணி நேரம் வேலை பார்த்தால், மூன்று வருஷம் அந்த ஒரே வாட்ச். அவ்வளவு பிடிவாதம் பிடித்தும் சக்கர அச்சைத் தாங்கும் கல், விசை தரும் மெயின் ஸ்பிரிங், கண்ணாடி போன்ற சில பாகங்களை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. அதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஆகவே "முழுக்க முழுக்க நானே செய்தேன்" என்று யாராவது மேஜையில் சொன்னால், "ஹேர் ஸ்பிரிங் எங்கே வாங்கினீங்க?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வாட்சின் துடிப்பைச் சீராக வைக்கும், தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருளை உலகத்தில் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சுவிஸ் தொழிலில் பெரும்பகுதிக்கு அது ஸ்வாட்ச் குழுமத்தின் நிவராக்ஸிடமிருந்துதான் வருகிறது. நேர்மையான ஆள் கூசாமல் பெயரைச் சொல்லிவிடுவார். பதில் வரும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

'கையால் செய்தது' என்ற சொல்லைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை சுவிட்சர்லாந்தில் நடக்கவில்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மேன் என்ற தீவில் ஜார்ஜ் டேனியல்ஸ் இருந்தார். முழு வாட்சையும் ஒரே ஆள், ஒரே கூரைக்கு அடியில் செய்ய முடியும் என்று இருபதாம் நூற்றாண்டில் நிரூபித்தவர். ஸ்பிரிங்கின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடும் பாகத்துக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர்; அதில் அவர் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் என்ற புது வகையை சுவிஸ் கம்பெனிகள் வருஷக்கணக்கில் தட்டிக்கழித்தன. கடைசியில் 1999-ல் ஒமேகா எடுத்துக்கொண்டது. அவரிடம் ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர், டேனியல்ஸ் எழுதிய புத்தகத்தைப் படித்துப் படித்துத் தானே செய்த ஒரு பாக்கெட் வாட்சைக் கொண்டுபோனார். கிழவர் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கையால் செய்தது மாதிரி இருக்கிறது என்றார். அது பாராட்டல்ல, குறை. வாட்சைப் பார்த்தால் அது தானாக உருவானது மாதிரி இருக்க வேண்டும், செய்தவனின் உளித்தடம் தெரியக்கூடாது. ஸ்மித் ஊருக்குத் திரும்பி, இரண்டாவது வாட்சைச் செய்து செய்து பார்த்து, திரும்பத் திரும்பக் கழித்துப்போட்டு, வருஷங்கள் கழித்து மறுபடியும் கொண்டுபோனார். இது யார் செய்தது, அது யார் செய்தது என்று பாகம் பாகமாகக் கேட்ட பிறகுதான் டேனியல்ஸ் அவரைக் கடிகாரக்காரர் என்று ஒப்புக்கொண்டார். இன்று ஸ்மித் அதே தீவில் பட்டறை நடத்துகிறார். அவருடைய வாட்சுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நமக்கு இது கொஞ்சம் விநோதமாகப் படும். கைத்தறிப் புடவையில் எங்காவது ஓர் இழை தடித்திருந்தால் "கைத்தறிதான், சந்தேகமே இல்லை" என்று திருப்திப்படுகிறவர்கள் நாம். பானையின் வளைவில் குயவரின் விரல் தெரிந்தால் அழகு என்கிறோம். வாட்ச் உலகம் அதை ஒப்புக்கொள்ளாது. கை வேலை செய்திருக்க வேண்டும், ஆனால் கை தெரியக்கூடாது. அப்படியென்றால் மெஷின் செய்ததற்கும் கை செய்ததற்கும் வித்தியாசம் எங்கேதான் தெரியும்?

உள்மூலையில் தெரியும். இதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், கண்காட்சிக்குப் போகிறவருக்கு இதைவிட உபயோகமான விஷயம் வேறு இல்லை.

வாட்சைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகத் தகடுகள் தெரியும். பிரிட்ஜ் என்பார்கள். அந்தத் தகட்டின் விளிம்பு செங்குத்தாக இருக்காது. 45 டிகிரிக்குச் சாய்த்துச் சீவி, கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் தகட்டைச் சுற்றி வெள்ளிக்கம்பி ஓடுவது மாதிரி மின்னும். இந்தச் சரிவைச் சுழலும் கத்தியால் மெஷினே போட்டுவிடும், அதில் அதிசயமில்லை. வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூலையையும் மெஷின் சமாளிக்கும். ஆனால் தகடு உள்பக்கமாக மடங்கும் இடத்தில், ஆங்கில வி எழுத்தின் அடி மாதிரி இருக்கும் மூலையில், சுழலும் கத்தி போய் முட்டி நின்றுவிடும். கத்தி வட்டம், அதனால் மூலையும் வட்டமாகத்தான் வரும். இரண்டு சரிவுகளும் ஒரு கூர்மையான கோட்டில் வந்து சந்திக்க வேண்டுமானால், ஒரு மனிதர் அரத்தை எடுத்துக்கொண்டு, கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கித் தேய்த்தால்தான் உண்டு. ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் கோடு ஓடிவிடும், தகட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அரத்துக்குப் பிறகு வழவழப்பான கல், கல்லுக்குப் பிறகு மரக்குச்சி. சுவிஸ் கடிகாரத் தொழிலின் தாய்மடியான ஜூரா மலையில் ஜென்ஷியன் என்ற செடி வளர்கிறது. வேரை ஊறப்போட்டு ஒரு கசப்பு மதுவை வடிப்பார்கள். அதன் தண்டு காய்ந்ததும் கடிகாரக்காரர் எடுத்துக்கொள்கிறார். உள்ளே மெத்தென்று இருக்கும் அந்தத் தண்டைச் சீவி, நுனியில் வைரத்தூள் பசையைத் தடவி, சரிவைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார். அதே மலையில் ஜூ பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஃபிலிப் டுஃபோர் இதற்குப் பெயர்போனவர். 2000-ல் அவர் 'சிம்ப்ளிசிட்டி' என்று ஒரு வாட்சைக் கொண்டுவந்தார். மணி, நிமிஷம், கீழே சின்ன வட்டத்தில் நொடி, அவ்வளவுதான். தேதி கூடக் கிடையாது. சுமார் 200 வாட்ச்தான் செய்தார், பாதிக்கு மேல் ஜப்பானுக்குப் போனது. சீகோவின் உயர்தரப் பட்டறையில் இருந்தவர்கள் அவரிடம் மெருகு வேலை கற்றுக்கொள்ள வந்தார்கள் என்பது இந்தத் தொழிலில் பிரபலமான சங்கதி. குவார்ட்ஸால் சுவிஸ் தொழிலைக் கவிழ்த்த அதே கம்பெனி!

எஃகுப் பாகங்களுக்குக் 'கறுப்பு மெருகு' என்று ஒன்று உண்டு. வெள்ளீயத் தகட்டின்மேல் பசையைத் தடவி, பாகத்தை அதில் வைத்து லேசாகச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். சரியாக வந்துவிட்டால், ஒரு கோணத்தில் பார்க்கும்போது எஃகு மைக்கறுப்பாகத் தெரியும். விரலளவு சாய்த்தால் பளீரென்று வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கண்காட்சி மேஜையில் வாட்சை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். வாட்சை முகர்ந்து பார்ப்பது போல இருக்கும், சிரிக்காதீர்கள்.

இந்தச் சந்தைகளில் வாட்ச்காரர்களுக்குப் பக்கத்திலேயே மற்றக் கைவினைஞர்களும் இருப்பார்கள். தோல் பட்டை தைப்பவர், எனாமல் டயல் செய்பவர், நகாசு வெட்டுபவர். அவர்களை வேடிக்கைக்காக உட்கார வைத்திருப்பதாக நினைக்கக் கூடாது, தொழிலே அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. எனாமல் என்பது நுணுக்கிய கண்ணாடித்தூள். உலோகத் தகட்டில் அதைச் சலித்து, சுமார் 800 டிகிரி சூட்டில் உலையில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை போதாது, மறுபடி தூவி மறுபடி சுட வேண்டும். ஐந்தாவது சூட்டில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் முந்தின நாலும் வீண். எனாமல் டயல் ஏன் இந்த விலை என்று கேட்கிறவர்கள், மேஜையில் இருக்கும் ஒரு டயலுக்குப் பின்னால் குப்பைக்குப் போன டயல்கள் எத்தனை என்று கேட்க வேண்டும். நம் நகைக்கடை பாஷையில் அதுதான் உண்மையான சேதாரம்.

கில்லோஷ் வேலை இன்னும் வேடிக்கை. டயலில் அலை அலையாக, பாய் முடைந்த மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள். ப்ரெகே என்ற மேதை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதை வாட்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்றும் அசல் வேலை கையால் சுற்றும் பழைய மெஷினில்தான். ஒரு கை கைப்பிடியைச் சுற்றும், இன்னொரு கை உளியை அழுத்தும். அழுத்தம் மாறினால் கோட்டின் ஆழம் மாறும், வெளிச்சத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் தும்மல் வந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சிமோன் பிரெட் என்ற இளைஞர் தன் முதல் வாட்சுக்கு 'க்ரோனோமெத்ர் ஆர்ட்டிசான்' என்றே பெயர் வைத்தார், கைவினைஞர்களின் வாட்ச் என்று. தனித்தனி வேலையில் தேர்ந்த ஆட்களைச் சேர்த்துச் செய்ததை மறைக்காமல், அதையே பெருமையாகச் சொன்னார். 2023-ல் ஜெனீவாவின் பெரிய கடிகார விருதுகளில் புதுவரவுக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. "நானே செய்தேன்" என்ற பேச்சைவிட எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.

பணத்துக்கு வருவோம். ஒற்றை ஆள் வருஷத்துக்கு ஐந்தாறு வாட்ச் செய்தால், உலோகமும் கருவியும் வாங்க முதல் எங்கிருந்து வரும்? இதற்கும் வழி சொன்னவர் ப்ரெகேதான். 1797-ல் அவர் ஒற்றை முள் வாட்ச் ஒன்றை முன்பதிவில் விற்றார். விலை அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 600 லிவ்ர், கால் பங்கு முன்பணம், மிச்சம் வாட்ச் கையில் கிடைக்கும்போது. இருநூறு வருஷம் கழித்து 1999-ல் எஃப்.பி. ஜூர்ன், துடிக்கும் பாகமே ஒரு சுழலும் கூண்டுக்குள் இருக்கும் தன் டூர்பியான் வாட்சை இருபது பேரிடம் இதே பாணியில் முன்பணம் வாங்கித்தான் ஆரம்பித்தார். இன்றைக்கும் கண்காட்சி மேஜைகளில் நடப்பது பெரும்பாலும் விற்பனை அல்ல, அட்வான்ஸ். பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷமோ நாலு வருஷமோ காத்திருக்க வேண்டும். செய்பவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ பட்டறை நொடித்துப்போனாலோ என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில்கூட இருக்காமல் போகலாம். அதனால் பேச்சின் இனிமையில் மயங்கி மேஜையிலேயே கார்டைத் தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் அதே கூடத்தில் நாலு பேர் இருப்பார்கள், கையில் கட்டியிருப்பார்கள். எவ்வளவு நாளில் வந்தது, ரிப்பேருக்குக் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று அவர்களிடம் கேட்கலாம். அந்தக் கூட்டத்தில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இன்னும் சொல்லப்போனால் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள்.

ஏலத்தில் வரும் விலைகளை வைத்து இந்தத் தொழிலை எடைபோடுவதும் தப்பு. டுஃபோர் செய்த, மணியடித்து நேரம் சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று 2021 நவம்பரில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 47 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். பொதுவாக ஏலப் பணம் போவது முந்தைய சொந்தக்காரருக்கு, செய்தவருக்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது முதல் நாள் விலை மட்டும். இந்த ஏல விலைகளைப் பார்த்துவிட்டு, வாங்கி உடனே லாபத்துக்கு விற்பதற்கென்றே மேஜைக்கு வரும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அதனால்தான் சில கைவினைஞர்கள் இப்போது "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று வாடிக்கையாளரை விசாரிக்கிறார்கள். வாங்குபவருக்கு நேர்முகத் தேர்வு!

இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு என்று தோன்றினால், லண்டன் பக்கம் பார்க்கலாம். பிரிட்டிஷ் கடிகாரக்காரர்களின் கூட்டமைப்பு 2020-ல் உருவானது. தொடங்கியவர்களில் ரோஜர் ஸ்மித்தும் ஒருவர். 2024 மார்ச் 9 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் லிண்ட்லி ஹாலில் முதல் 'பிரிட்டிஷ் வாட்ச்மேக்கர்ஸ் டே' நடந்தது. ஒரே நாள், நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். அன்றைக்கு மட்டும் கிடைக்கும் சிறப்புப் பதிப்புகளுக்குக் கதவு திறக்கும் முன்பே வரிசை. சில நூறு பவுண்டு வாட்சும், வீட்டு விலை சொல்லும் வாட்சும் ஒரே கூரைக்கு அடியில். தோட்டக்கலைச் சங்கத்தின் பூக்கண்காட்சிகளுக்காகக் கட்டிய மண்டபம் அது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மெருகு பார்க்க வேறு என்ன வேண்டும்?

நம் ஊரில் இப்படி ஒரு சந்தை ஏன் இல்லை என்ற கேள்வி வராமல் இருக்காது. ஓசூரில் டைட்டன் இருக்கிறது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது அது, பெயரின் கடைசி எழுத்துகளில் தமிழ்நாடே இருக்கிறது. குவார்ட்ஸில் மெல்லிய 'எட்ஜ்' வரை செய்தார்கள். எச்.எம்.டி. சாவி கொடுக்கும் வாட்சை நாடு முழுக்கக் கட்ட வைத்தது. ஆனால் இரண்டுமே தொழிற்சாலை. தனி ஆள் வாட்ச் செய்ய வேண்டுமென்றால், கல் விற்பவர், ஸ்பிரிங் விற்பவர், பல்சக்கரம் வெட்டிக் கொடுப்பவர் என்று சுற்றிலும் பத்துப் பேர் இருக்க வேண்டும். ஜூரா மலையில் அவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்ட் ஓரங்களில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. ஆடும் சக்கரத்தின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்தால் அதைத் தாங்களே கடைந்து போட்டவர்கள் அவர்களில் உண்டு. அதற்குக் கூலியாக எத்தனை ரூபாய் கேட்க முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐரோப்பாக்காரர்கள் மட்டும்தான் என்றும் இல்லை. ஏ.எச்.சி.ஐ. மேஜைகளில் ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் சாய்கின் உண்டு. அவருடைய 'ஜோக்கர்' வாட்சில் ஒரு கண் மணி, ஒரு கண் நிமிஷம், வாய் பிறை. நேரம் மாற மாற முகம் விழிக்கும், முறைக்கும், மாறுகண்ணாகப் பார்க்கும். சீனாவிலிருந்து வருபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், நேரே போய் நிற்க வேண்டியது ஜப்பானின் மசாஹிரோ கிகுனோவின் மேஜை முன்னால்.

பழைய ஜப்பானில் மணி என்பது நிலையான அளவு இல்லை. விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பங்கு. கோடையில் பகல் மணி நீளும், இராத்திரி மணி சுருங்கும். குளிர்காலத்தில் மாறிவிடும். நமக்கு இது புதுசில்லை. பஞ்சாங்கக்காரர் ராகு காலத்தைக் கறாராகக் கணித்தால், உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்துத்தான் எடுப்பார். காலண்டரில் அச்சடிக்கும் ஒன்றரை மணி நேரம் ஒரு சௌகரியத்துக்கு. கிகுனோ இந்த மாறும் மணியைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். பெரும்பாலும் கைக்கருவிகளோடு, தனி ஆளாக. டயலைச் சுற்றியிருக்கும் எண்கள் ஒட்டப்பட்டவை அல்ல. பருவம் மாற மாற அவை தாமே ஒன்றையொன்று நெருங்கும், விலகும். வருஷத்துக்கு ஒரு முறை சுற்றும் ஒரு பாகம் அவற்றை நகர்த்துகிறது.

அந்தப் பாகத்தின் வடிவம் ஊரைப் பொறுத்தது. டோக்கியோவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய ஐந்து மணி நேர வித்தியாசம், எண்கள் நன்றாகவே நடக்கும். சென்னையில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். நம் ஊருக்கென்று ஒன்று செய்யச் சொன்னால், அவ்வளவு பாடுபட்டுச் செய்த எண்கள் இருந்த இடத்தைவிட்டு அசைகிறதா இல்லையா என்று கண் லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். செய்கூலி மட்டும் அதேதான்.